இரவில் ஏவிய பெர்த்தா ராக்கெட்டுக்கு விளக்கு அமைத்த விதம்

பகலில் மாதிரி ராக்கெட்டை ஏவும்போது அதைப் பின்தொடர்வது கண்ணுக்குப் பெரிய வேலை அன்று. உந்துமருந்து எரிந்து தீர்ந்த பிறகும் மோட்டாருக்குள் இருக்கும் தாமதக் கலவை புகைந்துகொண்டே போவதால் வானத்தில் ஒரு வெண்கோடு விழும். அந்தக் கோட்டின் நுனியில் ராக்கெட் இருக்கும். இரவில் அந்தப் புகை இருந்தும் பயனில்லை. நான் பயன்படுத்திய சி11 வகை மோட்டார் எரிவது ஏறத்தாழ 0.8 வினாடிதான். அந்த நேரம் முழுவதும் தீப்பிழம்பு கண்ணைக் கூச வைக்கும். அது தீர்ந்ததும் கூசிய கண்ணும் கரிய வானமும் மட்டுமே மிஞ்சும். ராக்கெட் உச்சிக்குப் போவது, பாராசூட் குடை விரிவது, காற்றில் மிதந்து இறங்குவது, புல்லுக்குள் விழுந்து கிடப்பது ஆகிய எல்லாமே அதற்குப் பிறகுதான் நடக்கின்றன. அழகாக இருக்குமே என்று நினைத்துத்தான் விளக்கு கட்டத் தொடங்கினேன். மூன்று முறை ஏவி, அதில் ஒரு முறை ராக்கெட்டை இரவு முழுவதும் வெட்டவெளியில் விட்டுவிட்டு வீடு திரும்பிய பிறகு, விளக்கின் பிரகாசத்தைப் பற்றிக் கவலைப்பட்ட நேரத்தில் பேட்டரியின் முனை எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும் எனப் புரிந்தது. செய்தவற்றை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் வடபகுதி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், குட்டைப் புல்லும் இடையிடையே தரையோடு படர்ந்த சப்பாத்திக்கள்ளியும் தவிர வேறெதுவும் இல்லாத சமவெளி. எடுத்துக்கொண்ட ராக்கெட் எஸ்டஸ் நிறுவனத்தின் பிக் பெர்த்தா. ஏறத்தாழ 61 சென்டிமீட்டர் நீளமும் 41.6 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட காகிதக் குழாய், நான்கு பெரிய பால்சா மரத் துடுப்புகள், பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு ஆகியவைதாம் அதன் உறுப்புகள். பல ஆண்டுகளாக விற்பனையில் இருக்கும், மெதுவாக எழும்பும், பார்ப்பதற்கு நிதானமான ராக்கெட் அது. பெட்டியில் வருகிறபடி கட்டினால் 18 மில்லிமீட்டர் மோட்டார்தான் பொருந்தும். அவ்வகை சி6 மோட்டார் தூக்குவதற்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 113 கிராம். ராக்கெட்டும் மோட்டாருமே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வதால், விளக்குக்கு மிஞ்சுவது பதினைந்து கிராம் சொச்சம். ஆகவே கட்டும்போதே 24 மில்லிமீட்டர் மோட்டார்க் குழாயைப் பொருத்தி, சி11-3 மோட்டாருக்கு மாறினேன். அதற்கு அனுமதி 170 கிராம்.

இந்தத் தேர்வைச் சற்று விளக்க வேண்டும். சி6, சி11 ஆகிய இரண்டின் மொத்த உந்துதலும் (உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவு) ஏறத்தாழ ஒன்றுதான்; எழுத்து அதைக் குறிக்கிறது. எண் சராசரி உந்துவிசையை நியூட்டனில் குறிக்கிறது. கோட்டுக்குப் பின்வரும் 3 என்பது, மருந்து எரிந்து தீர்ந்ததிலிருந்து குடை வெளியே தள்ளப்படும் வரையான தாமதம், வினாடியில். இரவில் எனக்கு உயரம் வேண்டாம். கனமான ராக்கெட் வழிகாட்டுக் கம்பியை விட்டு வேகமாகக் கிளம்ப வேண்டும். நூறு நூற்றிருபது மீட்டர் போய்த் திரும்பினால் போதும். டி12 மோட்டாரும் இதே குழாயில் அச்சாகப் பொருந்தும் என்பதால் கை அதை நோக்கிப் போகத்தான் செய்தது. ஆனால் இருட்டில் கூடுதல் உயரம் என்பது கூடுதல் தேடல். எனவே அந்த மோட்டார்களைப் பகலுக்கு ஒதுக்கிவைத்தேன்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில், 125 கிராமுக்கு மேற்படாத உந்துமருந்தும் 1,500 கிராமுக்கு மேற்படாத எடையும் கொண்டு, காகிதம், மரம், எளிதில் உடையும் பிளாஸ்டிக் ஆகியவற்றால் செய்த ராக்கெட் முதல் வகுப்பைச் சேர்ந்தது. சூரியன் மறைந்த பிறகு ஏவுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதி அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கே உரியது. என்னுடையதில் இருப்பது பத்துப் பன்னிரண்டு கிராம் மருந்து. இதனால் விமானத்துறை பற்றிய கவலை இல்லை. நிலத்துக்குப் பொறுப்பானவரின் சம்மதமும், அன்றைக்கு உள்ளூரில் தீத்தடை உத்தரவு இல்லை என்ற உறுதியும் வேண்டும். இரண்டாவதைத்தான் இங்கே பலரும் மறக்கிறார்கள். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்து மண் ஈரமாக இருந்த நாள்களையே தேர்ந்தெடுத்தோம். ஏவுமேடைக்கு அடியில் நனைத்த சாக்கும், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரும் எப்போதும் இருந்தன.

முதல் விளக்கு மிகவும் எளிமையானது. உடற்குழாய்க்கும் மூக்குக் கூம்புக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒளிபுகும் கூடு ஒன்றைச் செருகினேன். பழைய தடித்த டியூப்லைட்டுகள் உடைந்து சிதறாமல் இருக்க அவற்றின்மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறைக்குழாய், பெர்த்தாவின் விட்டத்துக்கு மிக நெருக்கமாக வருகிறது. இரண்டு முனைகளிலும் காகிதப் பட்டியைச் சுற்றி இறுக்கம் சரிசெய்தால் போதும். கூட்டின் அடியில் மூன்று மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையில் அறுத்த தடுப்பு வட்டு ஒன்றை எபாக்சி கொண்டு ஒட்டினேன். குடையைத் தள்ளும் மருந்தின் சூடும் கரியும் விளக்குப் பக்கம் ஏறாமல் தடுப்பது அந்த வட்டுதான். உள்ளே, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பேனா டார்ச் ஒன்றை மேல்நோக்கி நிற்கவைத்து, சுற்றிலும் டிரேசிங் தாளைச் சுருட்டிவைத்தேன். டார்ச்சும் பேட்டரியுமாக 32 கிராம். ராக்கெட் 85 கிராம், மோட்டார் 35 கிராம். ஆக மொத்தம் 152. சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோது அது லாந்தர் விளக்குப் போல ஒரே சீராக ஒளிர்ந்தது. மிகவும் திருப்தியாக இருந்தது.

அக்டோபரில் நிலவில்லாத ஓர் இரவில் ஏவினோம். மகள் எண்ணிக்கையைச் சொல்ல, நான் பொத்தானை அழுத்தினேன். தீப்பிழம்பு எழும்பியது, தீர்ந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. "அப்பா, விளக்கு எங்க?" என்றாள். எங்கோ மேலே, குடையைத் தள்ளும் மருந்து வெடித்த சத்தம் மட்டும் கேட்டது. அதைக் கேட்டதும் சிறிது நிம்மதி. குடை விரிந்திருக்கும், நம் தலையில் கூராக வந்து விழாது. இருந்தாலும் அடுத்த அரை நிமிடம் எல்லோரையும் நின்ற இடத்திலேயே அசையாமல் மேலே பார்க்கச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று இறங்கிக்கொண்டிருக்கும்போது நடமாடுவதற்கு எனக்குத் துணிவில்லை. அதன் பின் ஒரு மணி நேரம் டார்ச் அடித்துத் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலை ஏழரை மணிக்குத் திரும்பிப் போனபோது, நாங்கள் தேடிய பரப்பிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி, சப்பாத்திக்கள்ளிப் புதரொன்றின்மேல் குடையை விரித்துப் போட்டுக்கொண்டு கிடந்தது. ஒரு துடுப்பின் ஓரம் பனியில் ஊறி உப்பியிருந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. டார்ச்சின் பொத்தானை அழுத்தினேன், ஒழுங்காக எரிந்தது.

உடைந்திருந்தால் காரணம் உடனே தெரிந்திருக்கும். ஒழுங்காக எரிந்ததால்தான் வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. அந்த டார்ச்சில் இருப்பது மெல்ல அழுத்தினால் முழு ஒளி, மறுமுறை அழுத்தினால் அரை ஒளி, பிறகு மினுக்கல் என்று மாறும் மின்னணுச் சுவிட்ச். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அது தொடக்க நிலைக்கு, அதாவது அணைந்த நிலைக்குப் போய்விடுகிறது. இனி பேட்டரி உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். தலைப்பக்கம் ஒரு தகடு, வால்பக்கம் ஒரு சுருள்வில். வில் பேட்டரியை மேலே தள்ளித் தகட்டோடு அழுத்திவைக்கிறது. நான் டார்ச்சை நிமிர்த்திவைத்ததால் வில் கீழே இருந்தது. சி11 மோட்டாரின் உச்ச உந்துவிசை 22 நியூட்டன் அளவில் வரும். 152 கிராம் ராக்கெட்டில் அது ஏறத்தாழ பதினைந்து மடங்கு புவியீர்ப்பு. பன்னிரண்டு கிராம் பேட்டரி அந்தக் கணத்தில் 180 கிராம் கனத்தோடு வில்லை அமுக்கியிருக்கிறது. வில் மடங்கியது, மேல்முனை தகட்டை விட்டு விலகியது, சுவிட்ச் பேட்டரி மாற்றப்பட்டதாக எடுத்துக்கொண்டு அணைந்தது. ஆக, விளக்கு அணைந்தது ராக்கெட் கிளம்பிய அதே நொடியில். தீப்பிழம்பின் வெளிச்சத்தில் அது எங்களுக்குத் தெரியவில்லை.

இது ஊகமாகவே இருந்துவிடக் கூடாது என்று ஒரு சோதனை செய்தேன். கூட்டை இரண்டு மீட்டர் கயிற்றில் கட்டி, மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து கீழே விட்டால், கயிறு தீரும் இடத்தில் அது சுண்டி இழுபடும். குடை விரியும்போது ராக்கெட் படும் இழுப்புக்கு அது கிட்டத்தட்ட நிகர். கைப்பேசியில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் வகையில் அதைப் பதிவு செய்தேன். ஒரு படத்துக்கு நான்கு மில்லிவினாடி. மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது கயிறு இறுகிய இடத்தில் ஒளி பட்டென்று போய், பிறகு வரவே இல்லை. டார்ச்சைத் தலைகீழாக, வில் மேலே வருமாறு மாற்றிவைத்துக் கயிற்றை மறுமுனையில் கட்டினாலும் அதே கதைதான். ஏவும்போது விசை ஒரு பக்கம் வருகிறது. குடை விரியும்போது மறுபக்கம் வருகிறது. அச்சுக்கு இணையாக வில் இருக்கும் எந்தப் பேட்டரிக் கூண்டும் இரண்டில் ஒன்றில் தோற்கும். மின்னணுச் சுவிட்ச் இல்லாத சாதாரண விளக்காக இருந்தால் ஒரு கண்ணிமை நேரம் அணைந்து மீண்டும் எரிந்திருக்கும். என் டார்ச்சுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இரண்டாவது விளக்கில் வில்லும் இல்லை, சுவிட்சும் இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். கம்பிகள் சால்டர் வைக்கப்பட்ட 150 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் பேட்டரி ஒன்று; எடை நான்கு கிராம். அதன் சிறிய பிளக்கைச் செருகினால் விளக்கு எரியும், பிடுங்கினால் அணையும். செருகிய பிறகு மேலே ஒரு சுற்று மாஸ்கிங் டேப். இவ்வளவு சின்ன விளக்குத் தொகுதிக்குத் தனிச் சுவிட்ச் என்பது உடைவதற்கு இன்னோர் இடம் சேர்ப்பதாகவே எனக்குப் படுகிறது.

எல்.இ.டி.களில் எனக்குப் பச்சை வேண்டும் என்றிருந்தது. இருட்டுக்குப் பழகிய கண் 507 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சை ஒளியைத்தான் மிக எளிதாக உணர்கிறது. கடையில் கிடைக்கும் பச்சை எல்.இ.டி. அதற்கு வெகுதூரத்தில் இல்லை. மகளுக்குச் சிவப்பும் வேண்டும். சரி, இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என்று பேசி முடித்தோம். முதலில் அவசரத்தில், நான்கையும் பக்கம் பக்கமாக இணைத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்றை மட்டும் வைத்துப் பேட்டரியைச் செருகினேன். சிவப்பு மட்டும் எரிந்தது. மற்ற மூன்றையும் கருகவைத்துவிட்டேன் என்று நினைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தால் எல்லாமே நன்றாக இருந்தன. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டிலேயே மின்னோட்டத்தை விழுங்கத் தொடங்கிவிடுகிறது. பச்சைக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். ஒரே ரெசிஸ்டருக்குப் பின்னால் நான்கையும் கட்டியதால், சிவப்பு மின்னழுத்தத்தை இரண்டிலேயே பிடித்துவைத்துக்கொண்டது. பந்தியில் முதலில் உட்கார்ந்தவன் எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்த கதை.

ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர். முழுதாக மின்னேற்றிய பேட்டரி 4.2 வோல்ட் தரும். சிவப்புக்கு 2 வோல்ட் போக மீதி 2.2, 150 ஓம் வைத்தால் கிட்டத்தட்ட 15 மில்லிஆம்பியர். பச்சைக்கும் வெள்ளைக்கும் 3.1 போக 1.1, 82 ஓம் வைத்தால் 13 மில்லிஆம்பியர். நான்கும் சேர்ந்து 55 அளவில் இழுக்கின்றன. எனவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்று கணக்கிட்டேன். மேசையில் எரியவிட்டுப் பார்த்தபோது, போகப்போகப் பச்சை சற்று மங்கினாலும், அவ்வளவு நேரம் தாங்கியது. ராக்கெட் பறப்பதற்கு ஒரு நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் தேடுவதற்கு.

எல்.இ.டி.யின் தலை ஒரு லென்ஸ் போல ஒளியைக் குறுக்கி முன்னால் மட்டும் அனுப்புகிறது. அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு 220 எண் உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்தால், அரை நிமிடத்தில் தலை பால்நிறமாகி, ஒளி எல்லாப் பக்கமும் பரவுகிறது. பச்சைகளையும் சிவப்பையும் அப்படித் தேய்த்துக் கூட்டுக்குள் வைத்தேன். வெள்ளையைத் தேய்க்கவில்லை. தடுப்பு வட்டில் ஐந்து மில்லிமீட்டர் துளையிட்டு, எபாக்சியால் அடைத்து, கூட்டுக்கு அடியில், குடை இருக்கும் பக்கமாக எட்டிப்பார்க்கும்படி நிறுத்தினேன். மூக்கும் கூடும் குடைக்குக் கீழே தொங்கும்போது கூட்டின் அடிப்பக்கம்தான் மேலே திரும்பியிருக்கும், அந்த எல்.இ.டி. வெள்ளைப் பிளாஸ்டிக் குடையின் உட்பக்கத்தில் நேராக ஒளி வீசும். எல்.இ.டி. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தூரத்திலிருந்து ஒரு புள்ளிதான். 45 சென்டிமீட்டர் குடை முழுவதும் ஒளிர்ந்தால் அது ஒரு சின்ன நிலா.

இதற்கிடையில் மீன்பிடிப்பவர்கள் தூண்டிலில் கட்டும் ஒளிக்குச்சிகளையும் முயன்றேன். மடக்கி உடைத்தால் இரண்டு திரவங்கள் கலந்து ஒளிரும்; பேட்டரியும் கம்பியும் வேண்டாம் என்பது ஆசை காட்டியது. ஆனால் அது வேதிவினை என்பதால் குளிரில் மந்தமாகிவிடுகிறது. வீட்டுக்குள் பளிச்சென்று இருந்தது, வாசலில் உறைநிலையை ஒட்டிய குளிரில் பத்து நிமிடம் வைத்தபோது சோர்ந்துவிட்டது. கோடைகாலத்துக்கு ஏற்றதாக இருக்கலாம். கோடையில் இங்கே தீத்தடை இருக்கும்.

எடை கூடினால் சமநிலையையும் பார்த்தாக வேண்டும். ராக்கெட் நேராகப் பறக்க, அதன் ஈர்ப்பு மையம், காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியான காற்றழுத்த மையத்துக்கு முன்னால் குறைந்தது ஒரு உடல்விட்டம் தள்ளி இருக்க வேண்டும் என்பது பழைய விதி. காற்றழுத்த மையத்தைக் கணக்கிட 1960களில் பொறியாளர் ஜேம்ஸ் பாரோமன் தந்த சூத்திரங்களைத்தான் இன்றைய மென்பொருள்களும் அடிப்படையாகக் கொள்கின்றன. நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ராக்கெட். மோட்டாரோடு சேர்த்து ராக்கெட்டை ஒரு நூலில் தொங்கவிட்டு, சமமாக நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அந்த அளவை மென்பொருளில் இட்டுப் பார்த்தேன். டார்ச் வைத்திருந்தபோது மையங்களுக்கு இடையே மூன்று விட்டத் தூரம் இருந்திருக்கிறது. இது ஆபத்தில்லை, ஆனால் மூக்கு இவ்வளவு கனத்தால் ராக்கெட் காற்று வரும் திசையை நோக்கித் தலையைச் சாய்த்துக்கொண்டு போகும். முதல் முறை நாங்கள் தவறான இடத்தில் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம். புதிய தொகுதி முழுவதும் 18 கிராமில் முடிந்துவிட்டதால் அந்தத் தூரம் குறைந்து, நடுத்தரமாக நின்றது. துடுப்புகளிலும் விளக்கு ஒட்டலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாலில் சேர்க்கும் ஒவ்வொரு கிராமும் ஈர்ப்பு மையத்தைப் பின்னால் இழுக்கும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன்.

அந்தப் பதினெட்டில் ஐந்து கிராம், கீச்சொலி எழுப்பும் பஸ்ஸருக்கு உரியது. விளக்கு கவிழ்ந்து புல்லில் புதைந்துவிட்டால் கண்ணால் தேடுவதில் பயனில்லை, காதால் தேடலாம் என்ற எண்ணம். ஒரு சிறிய பீசோ பஸ்ஸர், அதற்குத் தனியாக ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி. பேட்டரியைக் குறுக்குவாட்டில், அதன் தகடு அச்சுக்குச் செங்குத்தாக அழுத்தும்படி அமைத்தேன். இழுப்பு எந்தப் பக்கம் வந்தாலும் தகடு விலகாது. பேட்டரிக்கும் தகட்டுக்கும் இடையே, பால் கேனின் மூடியில் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் நாக்கைச் செருகி, அதன் நுனியில் தூண்டில் நரம்பைக் கட்டி, மறுமுனையை உடற்குழாயின் உட்பக்கம் ஒட்டினேன். மூக்கு வெளியேறும்போது நரம்பு நாக்கைப் பிடுங்கிவிடும். பஸ்ஸர் கூவத் தொடங்கும். நாக்கு வெறும் கையால் எளிதாக உருவ வருகிறதா என்று இருபது தடவையாவது இழுத்துப் பார்த்தேன். அது சிக்கிக்கொண்டால் மூக்கே வெளியே வராமல் போய்விடும். வீட்டில் சிறு குழந்தை இருப்பவர்கள் அந்தப் பட்டன் பேட்டரிகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது; விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

இரண்டாவது முறை ஏவியது நவம்பர் தொடக்கத்தில். படிக்கட்டுச் சோதனையில் பத்துக்குப் பத்து முறையும் எரிந்த விளக்கு என்பதால் தைரியமாகப் போனேன். தீப்பிழம்பு தீர்ந்ததும் மறுபடியும் வானம் கறுத்தது, வயிற்றைக் கலக்கியது. கூர்ந்து பார்த்தபோது மிக மங்கலாக ஒரு பச்சைக் கீற்று தெரிந்தது. மூன்று வினாடி கழித்து மூக்கு கழன்று குடை விரிந்ததும், திரையை விலக்கியது போல எல்லாம் பளிச்சென்று வெளிப்பட்டது. விளக்கு அணையவே இல்லை. எங்கள் பக்கம் தெரியவில்லை, அவ்வளவுதான். நாங்கள் நின்றது மேடையிலிருந்து பத்து மீட்டரில். ராக்கெட் நூறு மீட்டர் உயரத்தில் இருக்கும்போது நாம் பார்ப்பது அதன் வாலைத்தான். பத்து சென்டிமீட்டர் கூடு, அந்தக் கோணத்தில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, ஒரு சென்டிமீட்டர் வளையமாகத்தான் தெரியும். அதிலும் துடுப்புகள் மறைக்கும். அறுபது மீட்டர் தள்ளி நின்றால் பாதிக் கூடு தெரியும். இதற்குக் கூடுதலாக எல்.இ.டி. எதுவும் தேவையில்லை, கொஞ்சம் நடந்தால் போதும். பிரகாசத்தைக் கூட்டுவதற்காக அதற்குள் இன்னும் இரண்டு எல்.இ.டி. வாங்கிவைத்திருந்தேன், அவை இன்னும் டப்பாவில்தான் இருக்கின்றன.

மூன்றாவது முறை, பொத்தானை அழுத்துபவராக நான் மட்டும் மேடைக்கு ஒன்பது மீட்டரில் நின்றேன். டி வகை வரையிலான மோட்டாருக்குப் பாதுகாப்பு விதி கேட்பது ஐந்து மீட்டர்தான். மற்றவர்கள் காற்றுக்குப் பக்கவாட்டில், இரண்டு குழுவாக, அறுபது எழுபது மீட்டர் தள்ளி நின்றார்கள். ஒவ்வொரு குழுவிடமும் ஒரு திசைகாட்டி. குடை தரையைத் தொட்ட திசையை இருவரும் குறித்துக்கொண்டால், இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தில் ராக்கெட் இருக்கும். வேலை செய்வதற்குத் தலையில் கட்டும் சிவப்பு விளக்குகளை மட்டுமே பயன்படுத்தினோம், ஏனெனில் வெள்ளை வெளிச்சத்தை ஒரு முறை பார்த்துவிட்டால் கண் மறுபடியும் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வழிகாட்டுக் கம்பியின் நுனியில் ஒளிரும் டேப் சுற்றிய தக்கை ஒன்றை, கடைசி நிமிடம் வரை, செருகியே வைத்திருந்தேன். இருட்டில் குனிந்து கம்பிகளை மாட்டும்போது கண்ணைக் குத்திக்கொள்வது மிக எளிது. ஏவும்போது எல்லோரும் ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அன்றைக்கு நான் சேர்த்த ஏற்பாடு. தீப்பிழம்பு தீர்ந்ததும் மூடியிருந்த கண்ணைத் திறந்தால், அது இருட்டுக்குப் பழகிய கண்ணாகவே இருக்கும்.

ஐந்து, நான்கு என்று எண்ணி முடித்ததும் பெர்த்தா கிளம்பியது. தூரத்தில் நின்றவர்கள் பச்சைக் குழல் ஒன்று வானத்தில் ஏறுவதைத் தொடக்கத்திலிருந்தே பார்த்ததாகக் கத்தினார்கள். எனக்கு முன்போலவே கீற்றுதான். குடை விரிந்ததும் அதன் உட்பக்கம் வெளுத்து ஒளிர்ந்தது. அதற்குக் கீழே பச்சையும் சிவப்பும் கலந்த கூடு மெல்லச் சுழன்றது. கூடவே பஸ்ஸரின் கீச்சொலி. காற்று வினாடிக்கு மூன்று மீட்டர் அளவில் இருந்தது. நொடிக்கு நான்கு மீட்டர் சொச்சம் இறங்கும் குடை தரைக்கு வர அரை நிமிடம் ஆகும். அதற்குள் எண்பது தொண்ணூறு மீட்டர் தள்ளிப்போகும் என்பது என் கணக்கு. காற்றுத் திசையில் நின்றிருந்த என் பக்கம் ஓடிவந்த மகள் மேலே பார்த்துவிட்டு, "அப்பா, அது நிக்குதா, வருதா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இரவில் ஒளிக்கு முன்னால் பின்னால் எதுவும் தெரியாததால், தூரம் பிடிபடாது. நம்மை நோக்கி நேராக வரும் விளக்கு வானத்தில் அசையாமல் நிற்பது போலவே தெரியும். அசையாத விளக்கு என்றால் நம்மிடம்தான் வருகிறது என்று சொல்லி, அவளைக் கைப்பிடித்துப் பக்கவாட்டில் இருபது அடி நகர்த்தினேன். சற்று நேரத்தில் அது எங்களுக்கு முன்னால் நகரத் தொடங்கி, தலைக்கு மேலாகக் கடந்து, பின்னால் புல்லில் இறங்கியது.

இரண்டு குழுக்கள் சொன்ன திசைகளையும் காகிதத்தில் வரைந்துகொண்டு நடந்தோம். கோடுகள் வெட்டிய இடத்துக்குப் பதினைந்து மீட்டர் முன்னாலேயே பஸ்ஸர் கேட்டது. குடை ராக்கெட்டின் மேல் கவிழ்ந்து, உள்ளிருந்த வெள்ளை விளக்கால் புல்லுக்குள் கூடாரம் போட்டது போல ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஏவிய நேரத்திலிருந்து கையில் எடுத்த நேரம் வரை ஏழு நிமிடம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் லித்தியம் பேட்டரியைக் கழற்றி, உப்பியிருக்கிறதா, கீறல் பட்டிருக்கிறதா என்று பார்த்து, தனியாக வைத்தேன். தரையில் மோதிய பேட்டரியை ராக்கெட்டுக்குள்ளேயே விட்டு, அலமாரியில் வைக்கக் கூடாது. தடுப்பு வட்டின் அடிப்பக்கம் கரி படிந்திருந்தது, வெள்ளை எல்.இ.டி.யின் தலையிலும் மெல்லிய கரிப்படலம். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்ததும் போய்விட்டது. ஒவ்வொரு முறையும் இதைத் துடைக்க வேண்டியிருக்கும். கூட்டைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, சிவப்பு எல்.இ.டி.யின் ஒரு கால், சால்டர் வைத்த இடத்தை ஒட்டி, மயிரிழை அளவு விரிசல் விட்டிருந்தது. இன்னும் இரண்டு முறை ஏவியிருந்தால் ஒடிந்திருக்கும். கால்களை விறைப்பாக நிறுத்தியதால், ஒவ்வொரு இழுப்பிலும் எல்.இ.டி.யின் தலை ஆடி, அந்த இடத்தையே வளைத்திருக்கிறது. இப்போது அதை மாற்றி, நான்கின் அடியிலும் ஒரு சொட்டுச் சூட்டுப் பசையை வைத்துத் தலையையும் பலகையையும் சேர்த்துப் பிடித்துவைத்திருக்கிறேன். பசை இறுகியதும் மறுபடியும் மாடிப்படிக்குக் கொண்டுபோக வேண்டும்.